வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள்

ஸ்லாவா அன்று வீட்டுக் கதவைத் தாழிடக் கூடாது. யாரையும் அழைப்பதும் இல்லை, வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. குலப் புனிதரின் திருநாள் அது. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், வாழ்த்தலாம், இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு மேசையில் உட்காரலாம். இத்தனை வருடமும் யெலிட்சாவுக்கு அதில் பெருமைதான். இந்த வருடம், புனித திமித்ரியின் காலையில், அந்தப் பச்சைக் கதவு காற்றில் ஒருமுறை முனகினாலே அவள் கை வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

ஏன் என்று வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

யெலிட்சா எங்கள் வட்டார வானொலியில் செய்தி வாசிப்பவள். மொராவா ஆற்றின் இரண்டு கரையிலும் அவள் குரலைத் தெரியாதவர் இல்லை. முகம் தெரிந்தவர்கள் குறைவு. அதோடு, சொல்லறக் குழுவின் மூன்று உறுப்பினர்களில் அவளும் ஒருத்தி. பெரிய மனிதர்கள் இணையத்தில் எழுதித் தள்ளுவதை முன்னால் வைத்துக்கொண்டு நான்கு கேள்வி கேட்கிற குழு அது. சொன்னது உண்மையா? யாரைப் பற்றிச் சொன்னாரோ, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? ஓர் ஆளின் செயலைச் சொல்கிறாரா, அந்த ஆளின் இனத்தையே இழுக்கிறாரா? கடைசியாக, இதைப் படிக்கிறவன் எழுந்து யார் வீட்டு வாசலுக்காவது போவானா? இந்த நான்காவதற்கு எங்கள் பத்திரிகைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'நெற்றியில் குறி வரைவது'.

பெயர், ஊர், தெரு எல்லாவற்றையும் மறைத்துத்தான் உறுப்பினர்களிடம் கொடுப்பார்கள். முகதாட்சண்யம் வந்துவிடக் கூடாதல்லவா? அப்படித்தான் வந்தது அந்த வாசகம். 'நம் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்று சொன்ன அம்மா, இன்ன கட்டடத்துக்கு எதிர் மாடியில் இருக்கிறார், ஜன்னலில் இன்ன நிறத்தில் திரை. நல்ல மனிதர்களே, அந்தப் பக்கம் போனால் வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள்.'

குறி வரைந்த குற்றம்தான் என்றாள் யெலிட்சா. குழுத் தலைவர் ஸ்தேவானும் அதையே சொன்னார். மூன்றாமவரான வக்கீல் இல்லை என்றார். இரண்டுக்கு ஒன்று, முடிந்தது. தீர்ப்பு எழுதிக் கையெழுத்தான பிறகு மறைப்பை எடுத்தார்கள். எழுதியவர் போஷ்கோ. எங்கள் நகரமன்றத் தலைவர். யெலிட்சாவின் கும்.

யூகித்திருக்க வேண்டாமா அவள் என்று கேட்டு எனக்குக் கடிதம் போட்டவர்கள் உண்டு. அம்மணிகளே, ஐயாக்களே, இந்த நாட்டில் இப்படி எழுதுகிறவர்கள் வண்டி வண்டியாக இருக்கிறார்கள். எந்த வண்டி என்று அவள் யூகிப்பாள்?

கும் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. யெலிட்சாவும் ராதோவானும் மாலை மாற்றிய அன்று சாட்சியாகப் பக்கத்தில் நின்றவர் போஷ்கோ. அவர்கள் மகள் துன்யாவை ஞானஸ்நானத் தொட்டிமேல் ஏந்திப் பிடித்தவரும் அவரே. அவர் அவளைக் 'குமா' என்று கூப்பிடுவார், அவள் அவரைக் 'குமே' என்பாள். கூடப் பிறந்தவனோடு சண்டை போட்டால் ஊர் சமாதானம் செய்துவைக்கும். கும்மை எதிர்த்தவளுக்கு அதுவும் கிடைக்காது.

அந்தத் தீர்ப்பு இன்று மாலை ஆறு மணிக்கு, உறுப்பினர்களின் பெயர்களோடு, வெளியாகப்போகிறது.

*

"பேரை எடுத்துடு, யெலிட்சா."

சமையலறையில் ராதோவான் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். கூடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். புதுக் கோட்டும் டையுமாக இருந்தான் அவன். ஸ்லாவா அன்று வீட்டுத் தலைவன் உட்காரக் கூடாது. விருந்தாளிகள் இருக்கும்வரை நின்றுகொண்டே பரிமாற வேண்டும்.

"எடுத்தா தீர்ப்பே விழுந்துடும். நான் போயிட்டா ஒண்ணுக்கு ஒண்ணு ஆயிடும்."

"விழட்டுமே! விழுந்தா யாருக்கு என்ன கை காலா முறியுது?"

"நெவெங்கா வீட்டு ஜன்னல் உடைஞ்சுது."

"அது உடைஞ்சாச்சு. உன் தீர்ப்பு வந்து கண்ணாடி மாட்டிக் குடுக்குமா?"

அவள் சர்மாப் பானையைத் திறந்து, முட்டைக்கோஸ் இலைச் சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள். நெவெங்கா நகராட்சித் தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள், போஷ்கோ எழுதிய அந்த 'அம்மா' அவள்தான். போஷ்கோ எழுதிய அன்றே கல் வந்தது. அதற்கப்புறம் மாடிப்படியில் யார் யாரோ வந்து, ஒன்றும் பேசாமல், சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். இப்போது அவள் அக்காள் வீட்டில் தூங்குகிறாள். தூங்குகிறாளோ, விழித்தே கிடக்கிறாளோ.

"நேத்து டைரக்டர் என்னைக் கூப்பிட்டாரு," என்றான் ராதோவான். அவன் வீடுகளுக்குச் சூடு அனுப்பும் ஊர்க் கொதிகலன் நிலையத்தில் ஷிப்ட் பொறுப்பாளன். டைரக்டர் போஷ்கோவின் கட்சி போட்ட ஆள். "'வீட்ல எல்லாரும் சௌக்கியமா?'ன்னு கேட்டாரு. இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் என் வீட்டைப் பத்திக் கேட்டதே இல்ல."

"நீ என்ன சொன்னே?"

"சௌக்கியம்னேன். வேற என்ன சொல்றது? பொண்டாட்டி கும்முக்கே தீர்ப்பு எழுதிட்டு உட்கார்ந்திருக்கான்னா சொல்ல முடியும்?"

துன்யா காலித் தட்டுகளோடு உள்ளே வந்தாள். நோவி சாத்தில் மருந்தியல் படிக்கிறவள், ஸ்லாவாவுக்காக ஊருக்கு வந்திருந்தாள்.

"கூடத்துல எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. மெதுவா சண்டை போடுங்க."

"உன் அம்மாகிட்ட சொல்லு. நான் சொன்னா அவளுக்கு ஏறாது."

"நான் என்னத்தைச் சொல்ல?" துன்யா தட்டுகளைத் தொட்டியில் வைத்தாள். "அந்த அம்மாவுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனா அம்மா, எனக்கு மூச்சு திணறினப்போ ராத்திரிப் பனியில என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது அவருதானே? நம்ம காரு நகரலைன்னு நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கே."

அதுதான் யெலிட்சாவைக் கொன்றது. முன்பின் தெரியாத ஒரு முரடனாக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. இவருடைய கை எவ்வளவு தூரம் நீளும் என்பது அவளுக்குத் தெரியும், நல்லதற்கு அது நீண்டதைப் பார்த்தவள் அவள்.

கைபேசி அடித்தது. ஸ்தேவான். வானொலியில் அவளுக்கு மூத்தவர், அவளை ஒலிவாங்கி முன்னால் முதல்முதலில் உட்கார வைத்தவர்.

"பயமா இருக்கா?" எடுத்ததும் அதையே கேட்டார்.

"இருக்கு சார்."

"எனக்கும்தான். எனக்காவது ஒரு பூனை மட்டும்தான். கேளு, ஒரு விஷயம் இருக்கு. சொந்தக்காரங்க சம்பந்தப்பட்டா உறுப்பினர் விலகணும்னு நம்ம விதி இருக்குல்ல? திரும்ப எடுத்துப் படிச்சேன். அண்ணன் தம்பி, மாமனார், மச்சான் வரைக்கும் எழுதியிருக்கோம். கும்னு ஒரு இடத்துலயும் இல்ல."

"இல்லையா?"

"நாமதானே எழுதினோம். இதைக்கூட எழுதணுமான்னு விட்டுட்டோம் போல. விதிப்படி நீ விலக வேண்டியதில்ல. ஆனா மறைச்சா நாளைக்கு அவரே அதைத் தூக்கிப் பிடிப்பாரு. அதனால தீர்ப்போட கடைசியில ஒரு வரி சேர்க்கணும். எழுதினவர் உறுப்பினர் ஒருத்தரோட கும், பேரு மறைச்சிருந்ததால தீர்ப்பு சொன்னப்ப அவங்களுக்குத் தெரியாதுன்னு."

"அந்த வரி வந்தா ஊரு என் மூஞ்சியில காறித் துப்பும் சார்."

"துப்பும்," என்றார் ஸ்தேவான். அவருக்குப் பொய் ஆறுதல் சொல்ல வராது. "ஒண்ணு அந்த வரியோட போகணும், இல்ல நீ விலகணும். விலகினா நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆறு மணிக்குள்ள சொல்லு."

அவள் கைபேசியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். கூடத்தில் திடீரென்று எல்லோரும் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. நாற்காலிகள் ஒட்டுமொத்தமாகப் பின்னால் நகர்ந்தன. யார் வந்திருக்கிறார் என்று அவள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

*

"ஸ்லாவா நல்லா அமையட்டும், வீட்டுக்காரரே!"

போஷ்கோ வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார். ஒரு கையில் ஒயின் புட்டி, இன்னொரு கையில் காபிப் பொட்டலம். ராதோவானைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் மூன்று முத்தம், துன்யாவுக்கு மூன்று, யெலிட்சாவுக்கு மூன்று. கோதுமைத் தட்டின் முன் நின்று சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்தார். பிறகு மேசையின் தலைமாட்டில், கும்முக்கென்று ஒவ்வொரு வருடமும் விட்டுவைக்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அவர் இருந்தால் கூடம் நிறைந்துவிடும், அப்படி ஓர் ஆள். பக்கத்து வீட்டுக் கிழவருக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். துன்யாவைப் பார்த்து, "என்ன மருந்துக்காரி, கிழவனுக்கு வயசு குறைய மாத்திரை எப்ப கண்டுபிடிக்கப்போறே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ராதோவானும் சிரித்தான். பாவம், கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டான்.

சர்மா இரண்டாவது முறை தீர்ந்தபோது, பரிமாற எழுந்த துன்யாவைக் கையமர்த்திவிட்டு, அவரே தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"குமா, உன் கைப்பக்குவம் இந்த ஜில்லாவுல யாருக்கும் கிடையாது."

"உக்காருங்க குமே, நான் கொண்டாறேன்."

"இருக்கட்டும்." கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றார். "மூணு பேர் உக்காந்து என்னைப் பத்தி என்னமோ எழுதியிருக்காங்களாம். கேள்விப்பட்டியா?"

யெலிட்சாவின் கையில் இருந்த அகப்பை பானையில் இடித்துச் சத்தம் போட்டது.

"ரெண்டு பேரு யாருன்னு எனக்குத் தெரியும். மூணாவது யாருன்னு மட்டும் தெரியாதுன்னே வச்சிருக்கேன். ஏன்னு கேளேன்."

"ஏன் குமே?"

"தெரிஞ்சுக்கிட்டா நான் ஏதாவது செஞ்சாகணும்ல? என்கூட இருக்கற பசங்க சும்மா விடுவாங்களா? அதனால ஆறு மணி வரைக்கும் எனக்குத் தெரியாது." அவர் குரலில் கோபமே இல்லை. துன்யாவுக்குத் தாலாட்டுப் பாடிய அதே குரல்தான்.

யெலிட்சா அகப்பையைக் கீழே வைத்தாள். கேட்டுவிட்டாள். எப்படிக் கேட்டோம் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை.

"நெவெங்கா வீட்டு அடையாளத்தை எதுக்கு எழுதினீங்க? ஜன்னல் திரை வரைக்கும்?"

"வணக்கம் சொல்லுங்கன்னுதானே எழுதினேன்? வணக்கம் சொல்றது என்னிக்கிலேர்ந்து குத்தம்?"

"கல்லு விழுந்துச்சு."

"எவனோ எறிஞ்சான். நானா அவன் கையைப் பிடிச்சு எறிஞ்சேன்?" தட்டை நீட்டினார். "நாலு வை. நீ வார்த்தையை நிறுத்துப் பாக்கறவ, குமா. நான் எழுதினதுல ஒரு கெட்ட வார்த்தை காட்டு பாப்போம்."

அவள் நாலு வைத்தாள். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லைதான். அதனால்தானே அது அவ்வளவு பயங்கரமாக இருந்தது!

கிளம்பும்போது அவர் எல்லோரையும் ஒன்றாக நிறுத்தி, தன் கைபேசியில் படம் எடுத்தார். யெலிட்சாவை நடுவில் நிற்கச் சொன்னார். வாசலில் இறங்கி, பச்சைக் கதவையும் ஒரு படம் எடுத்தார். "இன்னும் பத்து வீட்டுக்குப் போகணும், எல்லா வீட்லயும் இன்னைக்கு திமித்ரிதான்," என்று சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

*

துன்யாதான் முதலில் பார்த்தாள். சமையலறைக்கு வந்து கைபேசியை நீட்டியபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

போஷ்கோவின் இணையப் பக்கத்தில் இரண்டு படங்கள். கீழே எழுதியிருந்தது:

'என் அன்புக் குமாவின் வீடு. மாவு ஆலைக்குப் பின் தெரு, பச்சைக் கதவு. வானொலியில் நீங்கள் நாள்தோறும் கேட்கும் குரல் இவருடையதுதான். இவர்தான் சொல்லறக் குழுவில் நம் எல்லோருடைய பேச்சையும் நிறுத்துப் பார்ப்பவர். இன்று ஸ்லாவா. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நல்ல மனிதர்களே, அந்தப் பக்கம் போனால் வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள்.'

யெலிட்சா அதை இரண்டு முறை படித்தாள். பழக்க தோஷம், நான்கு கேள்விகளும் தாமாகவே மனதில் வரிசை கட்டின. உண்மையா? ஒவ்வொரு எழுத்தும் உண்மை. கேட்டுக்கொண்டு எழுதினாரா? படம் எடுத்தபோது அவளேதான் சிரித்துக்கொண்டு நின்றாள். இனத்தை இழுத்தாரா? இல்லவே இல்லை. நான்காவது கேள்விக்கு வரும்போது அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியாதுன்னு சொன்னாரே," என்றாள். "ஆறு மணி வரைக்கும் தெரியாதுன்னாரே."

"தெரியாதுன்னு சொன்னதே, அவருக்குத் தெரியும்னு நீ தெரிஞ்சுக்கத்தான்!" ராதோவான் கத்தியேவிட்டான். "கதவைத் தாழ் போடறேன். புனிதர் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்."

அவன் கூடத்துக்குப் போனபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையிலும் கைபேசிதான். "அடுப்புல என்னமோ வச்சிட்டு வந்தேன்," என்று முனகினார் முழங்கால் கிழவர். அவர் வீட்டில் அடுப்பு மூட்டியே ரொம்ப காலம் ஆகிறது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அவர்கள் வெளியே போகிற அதே நேரத்தில், எதிரே மூன்று பேர் உள்ளே வந்தார்கள்.

"ஸ்லாவா நல்லா அமையட்டும், வீட்டுக்காரரே."

ராதோவான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தான். கண்ணெதிரே வந்துவிட்ட விருந்தாளியின் முகத்தில் எப்படி அடித்துச் சாத்துவது? அவன் அப்பா செய்ததில்லை, தாத்தா செய்ததில்லை. "நல்வரவு," என்றது அவன் வாய், அவனைக் கேட்காமலே.

தொப்பியைக் கழற்றினார்கள். சிலுவை போட்டுக்கொண்டு கோதுமை எடுத்தார்கள். மேசையில் உட்கார்ந்தார்கள். ஒரு முறையும் தவறவில்லை. பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், அதற்குப் பிறகு இன்னும் சிலர். எல்லோரும் நடுத்தர வயது ஆண்கள், எல்லோருக்கும் சுத்தமான சட்டை. ஒருவர் முகமும் யெலிட்சாவுக்குத் தெரியாது. உட்கார்ந்தவர்கள் பேசவில்லை. சூப் வைத்தால் குடித்தார்கள், ராக்கியா ஊற்றினால் கோப்பையை உயர்த்தினார்கள். கைபேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் மல்லாக்க வைத்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே இருட்டத் தொடங்கியது. நவம்பர் மாதப் பொழுது எங்கள் ஊரில் சட்டென்று சாய்ந்துவிடும். யெலிட்சா ரொட்டி வைத்தாள், தட்டை மாற்றினாள், மறுபடி ரொட்டி வைத்தாள். இத்தனை பேருக்குக் குரல் கொடுக்கிறவளுக்குத் தன் வீட்டு மேசையில் 'இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?' என்று கேட்கக் குரல் எழும்பவில்லை.

துன்யா இறைச்சித் தட்டோடு வந்தபோது, ஓரத்தில் இருந்த வழுக்கைத் தலையர் நிமிர்ந்து பார்த்தார்.

"நோவி சாத்துலதானேம்மா படிக்கறே?"

"ஆமாங்க."

"ஹாஸ்டல்லயா, வெளியில ரூம் எடுத்திருக்கியா?"

துன்யா அடுத்தவருக்குப் பரிமாற நகர்ந்தாள்.

"எந்தத் தெரு? என் மச்சான் பையன் அங்கதான் இருக்கான். வந்து வணக்கம் சொல்லச் சொல்றேன்."

தட்டு துன்யாவின் கையில் சரிந்தது. ராதோவான் அதைத் தாங்கிப் பிடித்தான். பிடித்துக்கொண்டே அந்த மனிதரை உற்றுப் பார்த்தான். காலையிலிருந்து அவன் முகத்தில் ஒட்டியிருந்த அசட்டுச் சிரிப்பு மெல்ல உதிர்ந்துபோனது.

"என் பொண்ணுகிட்ட கேக்காதீங்க," என்றான். "என்ன கேக்கணுமோ, என்கிட்ட கேளுங்க."

"அட, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் வீட்டுக்காரரே," என்றார் அவர். மற்றவர்கள் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

சமையலறையில் யெலிட்சா அவன் கோட்டுக் கையைப் பற்றிக்கொண்டாள். "எடுத்துடறேன், ராதோவான். பேரை எடுத்துடறேன். நீ சொன்னதுதான் சரி. துன்யா வரைக்கும் போறாங்க. இப்பவே ஸ்தேவான் சாருக்குப் போன் போடறேன்." அவளுக்கு அழுகை வரவில்லை, அழுவதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

ராதோவான் வாயைத் திறப்பதற்குள், கூடத்தில் மறுபடியும் அந்த வாழ்த்துக் கேட்டது. இந்த முறை பெண் குரல்.

*

சாம்பல் நிறக் கோட்டில், தலைத் துணியைக் கழுத்தடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். யெலிட்சா அவளை அதுவரை நேரில் பார்த்ததில்லை. மேசையில் இருந்தவர்களுக்கு அவளை நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்களில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கண்டுதான் யெலிட்சாவுக்குப் புரிந்தது. நெவெங்கா.

"கூப்பிடாமதான் வந்தேன்," என்றாள் நெவெங்கா. அவள் எடுத்த கோதுமைக் கரண்டி தட்டில் கடகடவென்று ஆடியது. "இன்னைக்குக் கூப்பிட வேண்டாம்ல?"

"நீங்க ஏன் வந்தீங்க?" யெலிட்சா ரகசியமாகக் கேட்டாள். "யாரெல்லாம் இருக்காங்கன்னு பாருங்க. போயிடுங்க."

"அந்த வணக்கத்தைப் படிச்சேன். எனக்கும் அதே வணக்கம்தான் சொல்லியிருந்தாரு." அவளும் ரகசியமாகவே சொன்னாள். "அன்னைக்கு நான் தனியா இருந்தேங்க. கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல விடியற வரைக்கும் உக்காந்திருந்தேன். யாராவது ஒருத்தர் வந்தா போதும்னு இருந்துச்சு. அதான்."

யெலிட்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கைகளும் ஐஸாகக் குளிர்ந்திருந்தன.

எங்கே உட்காருவது என்று தெரியாமல் நெவெங்கா பார்த்தாள். எல்லா நாற்காலியிலும் ஆட்கள். தலைமாட்டு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. கும் எழுந்துபோன பிறகும் அதில் யாரும் உட்காரவில்லை, உட்காரவும் மாட்டார்கள்.

ராதோவான் போய் அந்த நாற்காலியைப் பின்னால் இழுத்தான்.

"இங்க உக்காருங்க."

வழுக்கைத் தலையர் தொண்டையைச் செருமினார். "அது கும்மோட இடம், வீட்டுக்காரரே."

"என் வீடு," என்றான் ராதோவான். "என் புனிதர். இன்னைக்கு யாரு எங்க உக்காரணும்னு நான் சொல்றேன்." நாளைக்குக் கொதிகலன் நிலையத்தில் தன் அலமாரி காலி செய்யப்பட்டிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். நெவெங்கா உட்கார்ந்ததும் அவள் முன்னால் தட்டு வைத்தான், ரொட்டி பிட்டு வைத்தான்.

யெலிட்சாவின் ஏப்ரன் பையில் கைபேசி அடித்தது.

"நேரம் ஆச்சும்மா," என்றார் ஸ்தேவான். "என்ன செய்யட்டும்?"

மேசையைச் சுற்றி அத்தனை கண்ணும் அவள் மேல் இருந்தது. அவள் ராதோவானைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடித் திறந்தான், அவ்வளவுதான். துன்யாவைப் பார்த்தாள். துன்யா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"போடுங்க சார்," என்றாள். "பேரோட போடுங்க. அந்தக் கடைசி வரியையும் போடுங்க."

கொஞ்ச நேரத்தில் மேசைமேல் இருந்த கைபேசிகள் ஒவ்வொன்றாக அதிரத் தொடங்கின. ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்துப் பார்க்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நெவெங்கா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் போட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

பிறகு வாசலில் கார் வந்து நின்றது.

போஷ்கோ இந்த முறை தொப்பியைக் கழற்றவில்லை. முத்தமும் இல்லை. தன் நாற்காலியில் யார் இருப்பது என்று பார்த்தார். அந்த முகத்தில் யெலிட்சா எதிர்பாராத ஒன்று வந்து போனது. அவருக்கு வலித்தது. நிஜமாகவே வலித்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் போய்க் காலைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"என் குமாவா இதை எழுதினா?" என்று கேட்டார் எல்லோரையும் பார்த்து. "நான் நம்பல. எழுதறது சுலபம், குமா. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. படி. உன் குரல்லயே கேக்கறேன்."

கைபேசியை எடுத்து அவளுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி மினுங்கியது. அவர் பக்கத்தைத் தொடர்கிற அத்தனை பேரும் இந்தக் கூடத்தை, இந்த மேசையை, அவளை, நெவெங்காவை, துன்யாவை இப்போது நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உடைந்து அழுவாள் என்று அவர் நினைத்தார். அவளும் அதையேதான் நினைத்தாள்.

"அழுதுட்டு மன்னிப்புக் கேட்டா போதும்," என்றார் போஷ்கோ மெதுவாக. "நான் யாரு? உன் கும்தானே? மன்னிச்சிடுவேன்."

யெலிட்சா தன் கைபேசியில் தீர்ப்பைத் திறந்தாள். எழுத்துகள் ஆடின. முதல் வரியைத் தொடங்கினாள், பாதியில் நின்றுவிட்டாள். யாரோ ஒருவர் மெல்லச் சிரித்தார்.

"படிம்மா," என்றாள் துன்யா. தன் ஞானத் தகப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் கன்னமெல்லாம் கண்ணீர். "நிறுத்தாதே. படி."

யெலிட்சா மறுபடி தொடங்கினாள். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. "இந்த வாசகத்தில் வசைச்சொல் ஒன்றும் இல்லை. வணக்கம் சொல்லும்படிதான் கேட்கிறது. ஆனால் ஒருவரின் வீட்டு அடையாளத்தைச் சொல்லி, கோபமாக இருக்கும் கூட்டத்தை அந்த வாசலுக்கு அனுப்புகிறவர், அவர்கள் அங்கே செய்வதற்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்ல முடியாது…"

தெருவில் ஒரு கார் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. கதவுகள் திறந்து மூடுகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. நிறையக் கதவுகள். பேச்சுக் குரல் எதுவும் இல்லை, சரளைக் கல்லில் காலடிகள் மட்டும்.

போஷ்கோ வாசலைத் திரும்பிப் பார்த்தார். அவர் அழைத்தவர்களா, அவள் குரலைக் கேட்டு வந்தவர்களா? அவருக்கே அது தெரியவில்லை என்பது அவர் முகத்திலிருந்தே தெரிந்தது.

ராதோவான் டையைச் சரிசெய்துகொண்டான். கோட்டுப் பொத்தானைப் போட்டான். வருகிறவரை வாசலில் போய் வரவேற்பது இன்று அவன் வேலை. மனைவியைத் திரும்பிப் பார்க்காமல் அவன் திறந்த கதவை நோக்கி நடந்தான்.

அவனுக்குப் பின்னால் யெலிட்சா கடைசி வரிக்கு வந்திருந்தாள்.

"இதை எழுதியவர் போஷ்கோ. அவர் என் கும்."

இந்த முறை குரல் நடுங்கவில்லை.